வீரமாமுனிவர்: இரட்டைக்கொம்பு தந்த இத்தாலியர்

கெ குறில், கே நெடில். முன்னதற்கு ஒற்றைக்கொம்பு, பின்னதற்கு இரட்டைக்கொம்பு. பாலர் வகுப்பில் இதைக் கரும்பலகையைப் பார்த்து எழுதிப் பழகாத ஒருவரேனும் எமது பழைய மாணவியரில் இருக்க முடியாது. இன்றும் சீனன்குடாவில் இருப்பவர்களும் சரி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் குடியேறி இம்மலரைத் தபாலில் பெற்றுப் பிரிப்பவர்களும் சரி, அந்த இரண்டு கொம்புகளையும் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றுள் இரட்டைக்கொம்பை எமக்குத் தந்தவர் தமிழர் அல்லர். முப்பதாவது வயதில் தமிழ் நாட்டுக்கு வந்து, எம்மைப் போலவே அகரத்தில் தொடங்கி எழுத்துக் கற்ற ஓர் இத்தாலியர். கொன்ஸ்தான்சோ யோசப் பெஸ்கி என்பது அவருக்குத் தாய்நாட்டில் இட்ட பெயர். நாம் அறிந்த பெயர் வீரமாமுனிவர்.

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது வேறு யாரையும் நாம் நினைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம், ஐரோப்பாவில் வாழும் பழைய மாணவியர் சிலர் ஒன்றுகூடி அவர் பிறந்த ஊருக்குப் போய் வந்திருந்தோம். இன்னொரு காரணம் எமது பிள்ளைகள். அதைப் பின்னால் சொல்கிறோம்.

வட இத்தாலியில் கார்டா ஏரிக்குத் தெற்கே, மாந்துவா நகருக்குப் போகும் பாதையில், சிறு குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. பெயர் நீளமே தவிர ஊர் பெரிதல்ல. அக்காலத்தில் கொன்சாகா என்னும் பிரபு குலத்தின் ஒரு கிளை அதை ஆண்டது. அந்தக் குலத்தில் 1568 ஆம் ஆண்டு பிறந்து, பட்டத்துரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, இயேசு சபையில் சேர்ந்து, ரோமாபுரியில் கொள்ளைநோயாளரைப் பராமரிக்கப் போய் அந்நோயாலேயே 1591 இல் இருபத்துமூன்று வயதில் இறந்தவர் அலோசியஸ் கொன்சாகா. காலியில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருப்பதால் இலங்கையருக்கு அப்பெயர் பழக்கமானதே. ஊரின் நடுவில் இருக்கும் பெரிய ஆலயம் அவருக்காக 1608 இல் தொடங்கப்பட்டது. அவருடைய உடல் ரோமாபுரியில் இருக்க, தலையோடு மட்டும் இங்கே பீடத்தில் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த நூற்றாண்டின் கட்டடக்கலைக்குப் பரோக் என்று பெயர். நேராக நிற்க வேண்டிய தூண் அதில் முறுக்கிக்கொண்டு நிற்கும். கூரையில் வானம் திறந்துகொள்ளும். பொன்பூச்சும் சுருளும் வளைவும் பார்ப்பவரை மூச்சடைக்கச் செய்யும். அடக்கம் அதன் குணமல்ல. எம்முடன் வந்தவர்களில் ஒருவர், நல்லூர்த் தேரையும் திருக்கோணேசுவரத்தின் திருவிழாவையும் கண்டவருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு என்றே நினைக்கிறோம். பலெர்மோவில் வாழும் எம்மவர், சைவரும் கிறிஸ்தவருமாக, பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசலியாவின் குகைக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஆலயத்துக்கு அண்மையில் உள்ள கன்னியர் இல்லந்தான் எம்மைக் கூடிய நேரம் நிறுத்தி வைத்தது. அலோசியஸின் தம்பி ரொடோல்போ 1593 இல் கொலையுண்டார். தந்தையை இழந்த அவருடைய பெண்பிள்ளைகள் மூவர், சிந்தியா, ஒலிம்பியா, கிரிதோனியா. இவர்கள் ஆண்டு அனுபவிக்கப் பிறந்தவர்கள். அக்கால வழக்கப்படி, அரசியலுக்கு உதவும் ஏதோ ஒரு திருமணத்துக்குள் அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்கள். அவர்களோ 1608 இல், தம் பெரிய தந்தையாரின் நினைவு நாளான யூன் 21 இல், யேசுவின் கன்னியர் இல்லம் என்ற பெயரில் இந்த மடத்தை நிறுவினார்கள். பிரார்த்தனையோடு பெண்பிள்ளைகளின் கல்வியும் அங்கே நடந்தது. உயர்குடிப் பிள்ளைகளுக்கு மட்டுமான கல்விதான். பனை ஓலைக் கொட்டகையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த நாம் அந்தக் குறையைக் காணாமல் விட முடியாது. ஆனாலும் நானூறு ஆண்டுகளுக்கு முன் மூன்று சகோதரிகள் பெண்களுக்கென்று ஒரு வீட்டைத் தாமே கட்டி, தாமே நடத்தினார்கள் என்பது ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியருக்குச் சிறிய செய்தி அல்ல. மூவரின் உடல்களும் அங்கேயே பேணப்படுகின்றன. இல்லத்தின் ஒரு பகுதி இப்போது அலோசியஸ் நினைவு அருங்காட்சியகம்.

இந்த ஆலயமும் இந்த மடமும் ஏற்கெனவே நிற்கும் ஊரில், 1680 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி பெஸ்கி பிறந்தார்.

அவருடைய காலத்தைத் தாண்டி ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுவோம். 1859 யூன் 24 இல் பக்கத்துச் சொல்பெரீனோவில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் ஒஸ்திரியப் படைகளும் பொருதின. காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் காஸ்திலியோனேக்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஆலயங்களின் தளங்களில் வைக்கோல் பரப்பி அவர்களைக் கிடத்தினார்கள். தற்செயலாக அங்கு வந்து சேர்ந்த சுவிஸ் வணிகர் ஹென்றி டியூனான் கண்டது என்னவென்றால், அவ்வூர்ப் பெண்கள் எதிரி, நண்பன் என்று பாராமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயம் கட்டியதை. அவர் 1862 இல் எழுதிய நூலிலிருந்து செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அதற்கான அருங்காட்சியகமும் அவ்வூரில் உண்டு. 2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வன்னிக் கரையிலிருந்து காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைக் கொடியுடன் திருகோணமலைக்கு வந்த கப்பலை எம்மில் சிலர் மறக்க இயலாது. அந்த அருங்காட்சியகத்துக்குள் நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இனி முனிவரின் கதைக்கு வருவோம். பதினெட்டு வயதளவில், 1698 இல், அவர் இயேசு சபையில் சேர்ந்தார். ரவென்னாவிலும் பொலோஞ்ஞாவிலும் பயிற்சியும் கல்வியும் நடந்தன. 1709 இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் கிரேக்கமும் அறிந்த, மொழிகளில் இயல்பாகவே நாட்டமுள்ள இளைஞர். அக்காலத்து இயேசு சபைக் கல்லூரிகளில் மதுரை மிசனின் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன், 1606 இல், ரொபேர்ட் தெ நொபிலி என்ற இன்னோர் இத்தாலியர் மதுரைக்கு வந்து காவியுடுத்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்ற பெயருடன் தமிழில் எழுதி வாழ்ந்திருந்தார். அவர் முதுமையில் யாழ்ப்பாணத்திலும் சில காலம் இருந்தவர். பின்னர் வந்த அருளானந்தர் 1693 இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த பெஸ்கி, சபைத் தலைவரிடம் அனுமதி பெற்று லிஸ்பனில் கப்பலேறினார். 1710 ஒக்டோபரில் கோவா, 1711 மே மாதத்தில் மதுரை மிசன்.

அதே 1711 இன் சனவரியில்தான் கண்டியில் யோசவ் வாஸ் அடிகள் காலமானார். எமது கரையோரங்களில் ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அவ்வாட்சியில் இடமில்லை. திருகோணமலைக் கோட்டையும் அவர்கள் கையில். யோசவ் வாஸின் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பாக்கு நீரிணைக்கு அப்பால் பெஸ்கியும் எழுதிக்கொண்டிருந்தார். கடலின் இரு கரையிலும் ஒரே வேளையில் இரு அந்நியர் தமிழ் எழுத்தாணி பிடித்திருக்கிறார்கள்.

தொடக்க ஆண்டுகள் இலகுவானவை அல்ல. திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராக அலைச்சல். 1714, 15 அளவில் பிடிபட்டு மரணதண்டனை வரை போய் மீண்டார். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதி, நிலைபேறு. அதைத் தழுவித் தைரியநாதர் என்று முதலில் தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார். அப்பெயர் வடமொழிச் சாயல் உடையது என்று கருதி வீரமாமுனிவர் ஆனார் என்பார்கள். அவர் சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது மரபு. காவி அங்கி, காதில் முத்துக் கடுக்கன், புலித்தோல் ஆசனம், பல்லக்கு என்று அவருடைய தோற்றத்தைப் பற்றிய வருணனைகள் பெரும்பாலும் 1822 இல் வித்துவான் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றிலிருந்து வந்தவை. அது முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்டது. ஊர்வாய்க் கதைகளும் அதில் கலந்தே இருக்கும். சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்ற கதையை இப்போதைய ஆய்வாளர் ஏற்பதில்லை. எமக்கு அந்தப் பல்லக்கும் திவான் பதவியும் தேவையுமில்லை. முப்பது வயதில் தொடங்கிய ஒருவர் பதினைந்து ஆண்டுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தப்பாக்களில் காப்பியம் பாடினார் என்ற ஒன்றே போதும்.

அந்தக் காப்பியம் தேம்பாவணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள். 1726 இல் முடிந்ததாகக் கொள்வர். காஸ்திலியோனேயின் அலோசியஸுக்கு ரோமாபுரியில் புனிதர் பட்டம் கிடைத்ததும் அதே 1726 இல்தான். ஊர்க்காரர் இருவருக்கும் ஒரே ஆண்டில் சிறப்பு. காப்பியத்தின் தலைவன் சூசையப்பர், அதாவது முனிவர் தமிழில் பெயரிட்டபடி வளன். யேசுவின் வளர்ப்புத் தந்தையான அந்தத் தச்சனைப் பற்றி விவிலியத்தில் இருப்பது சில வரிகளே. அதை வைத்து 3615 பாடல்கள் எப்படி வந்தன? இங்கேதான் மீண்டும் ஒரு கன்னியர் மடம் வருகிறது. ஸ்பெயின் நாட்டின் ஆகிரெதா என்னும் சிற்றூர் மடத்தின் தலைவியாக இருந்த மரியா (1602 முதல் 1665 வரை வாழ்ந்தவர்), தமது தியானக் காட்சிகளாகத் தேவதாயின் வாழ்வை ஒரு பெருநூலாக எழுதினார். அந்நூல்தான் தேம்பாவணிக்கு ஆதாரம். முனிவர் அதை மறைக்கவில்லை, பாயிரத்திலேயே அந்த அம்மையாருக்குக் கடன்பட்டதைச் சொல்லிவிடுகிறார். ஒரு பெண் மடச்சுவருக்குள் இருந்து எழுதியதை, ஓர் இத்தாலியர், கொள்ளிடக்கரைத் தமிழில் காப்பியமாக்கினார். தமிழ்க் காப்பிய வரலாற்றைப் படிப்பிக்கும்போது கம்பருக்கும் சீவக சிந்தாமணிக்கும் முனிவர் பட்ட கடனைச் சொல்வார்கள். ஆகிரெதா மரியாவின் பெயரை வகுப்பறையில் நாம் கேட்டதில்லை.

தேம்பாவணியில் யூதேயா நாடு நெல் விளையும் நாடு. வாளை துள்ளும், கரும்பு சாறு சொரியும், குவளை பூக்கும். உவமைக்குள் உவமை, அணிக்கு மேல் அணி. சிலருக்கு அது திகட்டும். எமக்கும் சில படலங்கள் திகட்டத்தான் செய்தன என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் காஸ்திலியோனே ஆலயத்துக்குள் நின்று அந்தச் சுருளையும் பொன்னையும் பார்த்த பிறகு வேறு விதமாகத் தோன்றியது. தாம் சிறுவனாகப் பார்த்த அந்தக் கூரையை முனிவர் தமிழ் நாட்டில் கல்லால் கட்டவில்லை, சொல்லால் கட்டியிருக்கிறார். இது எமது கருத்து மட்டுமே, புலவர்கள் ஏற்காமலும் போகலாம்.

கல்லாலும் கட்டினார், எளிமையாக. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று புதுப்பெயர் சூட்டி, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அரியலூர் மழவராயரின் இராசபிளவை நோயை முனிவர் அவ்விடத்து மண்ணைப் பூசிக் குணமாக்கியதால் ஆலயத்துக்கு நிலம் கிடைத்தது என்பது இன்றும் அங்கு சொல்லப்படும் வரலாறு. விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு இன்னோர் ஆலயம். அங்குள்ள தேவதாய் சேலையுடுத்திக் குழந்தையை ஏந்திய தமிழ்ப் பெண்ணாக நிற்கிறாள். அந்தச் சிலையை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்று சொல்வார்கள். பெரியநாயகி என்ற பெயர் பக்கத்துச் சிவன் கோயில் அம்மனுக்கும் உரியது என்பதை அவர் அறியாதவராக இருக்க முடியாது. அந்தப் பெயரையே அவர் தெரிந்தெடுத்தார்.

இனி அந்தக் கொம்புக்கு வருவோம். பழந்தமிழ் எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பது விதி. புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே பெரும்பாலோர் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதை வாசிப்பவரே இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். பிறந்தது முதல் தமிழ் கேட்டு வளர்ந்தவருக்கு அது பெரிய சிரமமில்லை, காது சொல்லிவிடும். வெளியிலிருந்து வந்து கண்ணால் கற்பவருக்குத்தான் அது முள். அந்த முள் குத்தியவர் அதை எடுத்தார். எ என்பதன் காலை நீட்டி ஏ, ஒ என்பதன் கீழே சுழித்து ஓ, கொம்பின் தலையை இன்னொரு முறை சுழித்து இரட்டைக்கொம்பு. வேறொன்றும் இல்லை. புதிய எழுத்து எதையும் அவர் கொண்டுவரவில்லை, இருந்ததையே சற்று வளைத்தார். பின்னர் அச்சிலும் அந்த வடிவங்களே நிலைத்தன.

எம்முடன் வந்தவர்களில் ஒருவருக்குப் பலெர்மோவில் பிறந்த பன்னிரண்டு வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதச் சொன்னால் ஓடிவிடுவாள். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று சனிக்கிழமை தோறும் வீட்டில் ஒரு யுத்தம். தாயார் பாதி கைவிட்டிருந்தார். நாம் டெசென்சானோ புகையிரத நிலையத்தில் இறங்கியபோது கார்டா ஏரி தெரிந்தது. பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் பிள்ளை தன் கொப்பியில் ஏரி என்று எழுத முயன்று எரி என்று எழுதினாள். தண்ணீர் நெருப்பாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்தோம். அவளுக்குக் கோபம். பிறகு, முன்னூறு ஆண்டுகளுக்கு முன் தமிழர் எல்லோருமே இரண்டையும் இப்படித்தான் வித்தியாசமில்லாமல் எழுதினார்கள் என்றும், அந்தக் காலை நீட்டியவர் நாம் போகும் ஊரில் பிறந்து, அவள் பேசும் இத்தாலிய மொழியைப் பேசியவர் என்றும் சொன்னோம். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஏரி என்று திருத்தி எழுதினாள். பேருந்தில் ஏறிய பிறகும் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். தமிழ் வகுப்பு யுத்தம் அதன் பிறகும் ஓயவில்லை என்று தாயார் இப்போது சொல்கிறார். ஆனால் சண்டை இப்போது மாதத்துக்கு ஒன்றுதானாம்.

பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்று முன்னர் சொன்னது இதைத்தான். இரத்தத்தில் தமிழ் இருக்கிறது, அது தானே வந்துவிடும் என்று எம்மில் பலர் நம்பியிருந்தோம். முனிவரின் இரத்தத்தில் தமிழ் ஒரு துளியும் இருக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒவ்வொரு நாளும் ஓலையின் முன் உட்கார்ந்ததுதான்.

அப்படி உட்கார்ந்து செய்தவற்றில் அகராதி வேலையை நாம் தேம்பாவணிக்கும் மேலாக மதிக்கிறோம். அவருக்கு முன் தமிழில் சொற்பொருள் அறிய இருந்தவை பெரும்பாலும் நிகண்டுகள். செய்யுளாக இருக்கும், முழுவதையும் மனனம் செய்தவருக்கே பயன்படும். ஒரு சொல்லைத் தேடி எடுப்பது எளிதல்ல. 1732 இல் முனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். மனனம் செய்யாதவரும், குரு அருகில் இல்லாதவரும், எழுத்துத் தெரிந்தால் போதும், பொருளைக் கண்டுகொள்ளலாம். குருகுல வாசல் திறவாத வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். இவை தவிரத் தமிழ் இலத்தீன் அகராதி, போர்த்துக்கீசிய மொழியுடன் கூடிய அகராதி என்பனவும் செய்தார்.

இலக்கணத்திலும் ஒரு துணிச்சல் உண்டு. செந்தமிழுக்கு ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730 இல் எழுதினார். அதற்கு முன்பே 1728 இல், மக்கள் பேசும் தமிழுக்கு, அவர் சொல்லில் கொடுந்தமிழுக்கு, இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கு இலக்கணமா என்று புலவர் சிரித்திருக்கக்கூடிய காலம். இந்த நூல் 1738 இல் அச்சேறியது தரங்கம்பாடியில். அங்கிருந்தவர்கள் லுத்தரன் திருச்சபையினர். அவர்களுக்கு எதிராக முனிவர் பேதகம் மறுத்தல் முதலிய நூல்களில் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கண்டனங்களை இன்று படிக்க எமக்கு மகிழ்ச்சியில்லை. கோபத்தில் எழுதிய வசனம் யார் எழுதினாலும் கோபமாகவே இருக்கிறது. ஆயினும் எதிராளியின் இலக்கணம் நல்லது என்று கண்டு அதைத் தமது அச்சகத்திலேயே அச்சிட்ட தரங்கம்பாடியாரின் பெருந்தன்மையையும் இங்கே சொல்லவேண்டும்.

திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். துறவியாதலால் இன்பத்துப்பாலைத் தொடவில்லை. எமது வகுப்பிலும் அந்தப் பாலை யாரும் தொட்டதில்லை, துறவியர் எவரும் அங்கு இல்லாதபோதும்.

பரமார்த்த குருவின் கதையை மட்டும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்ற ஐந்து சீடரையும் அறியாதவர் எமது பாடசாலையில் படித்திருக்கமாட்டார். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்ததும், ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஓராளைக் காணவில்லை என்று அழுததும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கியதும் எத்தனை கலைவிழா மேடைகளில் எம்மவர் நடித்தவை! பேச்சுத் தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்குப் பாடப்புத்தகமாக அவர் எழுதியது அது. கற்பவர் சிரித்தால் மறக்கமாட்டார் என்ற ஆசிரியத் தந்திரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் உரைநடைக் கதை என்ற ஒன்று இல்லாதிருந்த நாளில் எழுதப்பட்ட அந்தச் சிறுநூல், 1822 இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளியாயிற்று.

முதுமையில் போர்களாலும் குழப்பங்களாலும் உள்நாட்டில் இருக்க இயலாமல் தெற்கே சென்றார். மணப்பாட்டில் 1742 இல் இறந்தார் என்று எமது பழைய பாடநூல்களில் இருந்தது. பரீட்சையில் அப்படி எழுதி முழுப்புள்ளி வாங்கியவர்களும் எம்மில் உண்டு. சபைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. கேரளத்தின் அம்பலக்காட்டில் இருந்த இயேசு சபை இல்லத்தில் 1747 பெப்ரவரி 4 ஆம் திகதி காலமானார். வயது அறுபத்தாறு. காஸ்திலியோனேக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. சுற்றிலும் மலையாளம் பேசும் ஊரில், தமிழ் எழுதிய கையோடு அவர் கண்மூடினார். 1968 இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாக் கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. காஸ்திலியோனேக்கு மிலானிலிருந்து வெரோனா செல்லும் புகையிரதத்தில் ஏறி டெசென்சானோவில் இறங்கிப் பேருந்து எடுக்கலாம். காலை வேளையில் போய்விடுங்கள். இத்தாலியில் நண்பகலில் ஆலயங்களைப் பூட்டிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். ஏலாக்குறிச்சிக்குத் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாகப் போகலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோகவும்.